மூலிகை பிபியைக் குறைக்கிறதா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்? சர்ப்பகந்தியை முன்வைத்துச் சில கேள்விகள்

ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று சந்தேகமில்லாமல் நிரூபணமான மூலிகை ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. சர்ப்பகந்தி. நாட்டு மருந்துக் கடையில் சர்ப்பகந்தா என்று கேட்டால் தெரியும். தாவரவியலில் ராவுல்ஃபியா செர்பென்டினா. சுமார் முழங்கால் உயரச் சிறு செடி, வெள்ளைப் பூ, சிவந்த காம்பு, பழுத்தால் கறுக்கும் பழம். மருந்து இருப்பது வேரில், அதிலும் பெரும்பகுதி வேர்ப்பட்டையில். நாக்கில் வைத்தால் கசப்பு லேசில் போகாது.

ஒரு மூலிகை நாட்டு வைத்தியத்திலிருந்து சோதனைக்கூடத்துக்குப் போய், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கும், பிறகு உலகம் முழுவதும் விற்ற மாத்திரைக்கும் போன பாதையை ஆரம்பம் முதல் முடிவு வரை பார்க்க இதைவிட நல்ல உதாரணம் நம் நாட்டில் கிடையாது. அதனால் மற்றச் செடிகளைப் பற்றிய கேள்விகளுக்கும் அடிக்கடி இதையே இழுப்பேன்.

பழைய வைத்தியர்கள் இதை பிபிக்காகத்தான் கொடுத்தார்களா?

இல்லை. பாம்புக்கடி, தூக்கமின்மை, பைத்தியம், இவற்றுக்குத்தான் கொடுத்தார்கள். பீகார் பக்கம் இதற்குப் பெயரே 'பாகல் கீ தவா', பைத்தியத்துக்கான மருந்து. பிபிக்குக் கொடுத்திருக்கவும் முடியாது. கையில் பட்டை சுற்றி அளக்கும் முறையை இத்தாலியில் ரிவா ரோச்சி கொண்டுவந்தது 1896-இல். ஸ்டெதாஸ்கோப்பை முழங்கை மடிப்பில் வைத்துச் சத்தம் கேட்டு மேல் அளவையும் கீழ் அளவையும் குறிக்கும் முறையை ரஷ்ய டாக்டர் கொரோட்கோவ் சொன்னது 1905-இல். பெரும்பாலானவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் எந்த அறிகுறியும் காட்டாது. அளக்காமல் அது இருப்பதே தெரியாது.

'ஆயிரம் வருடமாகச் சோதித்தாயிற்று, இன்னும் என்ன சோதனை?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். வாந்தி நின்றதா, காய்ச்சல் விட்டதா, தூக்கம் வந்ததா என்பதில் பரம்பரை அனுபவத்துக்கு நல்ல மதிப்பு உண்டு, கண்ணால் பார்த்திருக்கிறார்கள். 160 என்பது 145 ஆனதா என்பதை எந்த ஏடும் பார்த்திருக்க வழியில்லை. தலைசுற்றல், படபடப்பு, கிறுகிறுப்பு என்று ஏட்டில் வருவதையெல்லாம் 'பிபி' என்று மொழிபெயர்த்துக்கொள்வது நம் காலத்து வேலை.

அப்புறம் எப்படி பிபிக்கு வந்தது?

1931-இல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும் இந்த வேர்ப்பொடியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். மனநோயாளிகளுக்குக் கொடுத்தபோது ஆவேசம் அடங்கியதோடு ரத்த அழுத்தமும் இறங்கியதைக் கவனித்திருந்தார்கள். அதே ஆண்டு டில்லியில் சலீமுஸ்ஸமான் சித்திக்கியும் ரஃபத் ஹுசைன் சித்திக்கியும் வேரிலிருந்து சில ஆல்கலாய்டுகளை, அதாவது செடியில் இயற்கையாக இருந்து உடம்பில் வேலை செய்யும் வேதிப்பொருள்களை, பிரித்தெடுத்தார்கள். அவற்றில் ஒன்றுக்கு, தங்கள் வேலைக்கு ஆதரவாக இருந்த யூனானி வைத்தியர் ஹகீம் அஜ்மல் கான் நினைவாக அஜ்மலின் என்று பெயர் வைத்தார்கள். 1933-இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் சோப்ரா குழு விலங்குகளில் பார்த்தது. ஆக, இது வெள்ளைக்காரர்கள் வந்து கண்டுபிடித்துக் கொண்டுபோன கதை இல்லை. முதல் இருபது வருட வேலை பெரும்பாலும் இங்கேதான் நடந்தது.

உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்தது பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியின் ருஸ்தம் ஜல் வகீல் 1949-இல் பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னலில் எழுதிய கட்டுரை. 50 நோயாளிகள், வேர் மாத்திரை. நான்கு வாரத்தில் 85 சதவீதம் பேருக்கு மேல் அளவு இறங்கியது. இன்றைய கண்ணால் பார்த்தால் அதில் குறை உண்டு, குலுக்கல் முறையில் பிரித்த ஒப்பீட்டுக் குழு அதில் கிடையாது. ஆனால் ஒரு நாளில் ஒரு அளவைப் பார்த்து எழுதிய குறிப்பும் இல்லை. வாரக்கணக்கில் பின்தொடர்ந்து, யாருக்கு எவ்வளவு இறங்கியது, என்ன பக்க விளைவு என்று பொறுமையாக எழுதினார். அதைப் படித்துவிட்டு பாஸ்டனில் ராபர்ட் வில்கின்ஸ் தன் நோயாளிகளிடம் சோதித்தார். 1957-இல் வகீலுக்கு அமெரிக்காவின் பெரிய மருத்துவ ஆராய்ச்சி விருதான லாஸ்கர் விருது கிடைத்தது.

வேரில் வேலை செய்யும் பொருளை 1931-இலேயே பிரித்துவிட்டார்கள் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது, சுவாரசியமான இடமே இதுதான். அன்று பிரித்த படிகங்கள் அழகாக இருந்தன, ஆனால் முழு வேர் தந்த அமைதியையும் பிபி இறக்கத்தையும் அவை தரவில்லை. வேலை செய்யும் பொருள் பிசுபிசுப்பான பிசின் பகுதியில் ஒளிந்திருந்தது. சுவிட்சர்லாந்தின் பாசலில் சீபா கம்பெனியின் வேதியியலாளர்கள் அந்தப் பிசினை விடாமல் பிரித்து, 1952-இல் ரெசர்பின் என்ற ஆல்கலாய்டை எடுத்தார்கள்.

இன்றும் மூலிகை ஆராய்ச்சி மாணவர்களுக்கு இதிலிருந்து ஒரு பாடம் உண்டு. எளிதாகப் படிகமாகும் பொருளின் பின்னால் போகாதே, ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியாகச் சோதித்து, பிபி எதில் இறங்குகிறதோ அதைப் பின்தொடர். அஜ்மலினும் வீணாகவில்லை. ப்ருகாடா என்ற இதயத் துடிப்புக் கோளாறு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க டாக்டர்கள் இன்றும் அதை ஊசியில் ஏற்றிப் பார்க்கிறார்கள்.

ரெசர்பின் எப்படி வேலை செய்கிறது?

நரம்பு முனைகளில் நார்அட்ரினலின் சின்னச் சின்னப் பைகளில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தப் பைக்குள் சரக்கு ஏற்றும் புரதத்தை ரெசர்பின் அடைத்துவிடுகிறது. பை காலியாகிறது. ரத்தக் குழாயைச் சுருக்கச் சொல்லும் செய்தி பலவீனமாகிறது, குழாய் தளர்கிறது, நாடித்துடிப்பும் குறைகிறது. புதிதாகப் பை நிரம்ப நாளாகும் என்பதால் மருந்தின் வேலை மெதுவாகத் தொடங்கி, நிறுத்திய பிறகும் நீடிக்கும். மூளையில் செரட்டோனின், டோபமின் பைகளும் இப்படியே காலியாகின்றன. பழைய வைத்தியர் பார்த்த 'பைத்தியம் தணிந்தது' என்பதற்கும் பின்னால் வந்த தொல்லைகளுக்கும் காரணம் இது ஒன்றே.

இவ்வளவு நல்ல மருந்து என்றால் இன்று டாக்டர்கள் ஏன் எழுதுவதில்லை?

மூக்கடைப்பு, சோர்வு, வயிற்றில் அமிலம், கூடவே மனச்சோர்வு. 1954-இலேயே அமெரிக்க டாக்டர் எட்வர்ட் ஃப்ரைஸ், அதிக அளவில் நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கு மனச்சோர்வு வருவதை எழுதினார். பிறகு இதைவிடத் தொல்லை குறைந்த மருந்துகள் வரிசையாக வந்துவிட்டன.

ஆனால் அதே ஃப்ரைஸ் தலைமையில் அமெரிக்க முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வு 1967-இல் வெளியானது. கீழ் அளவு 115 முதல் 129 வரை இருந்த 143 ஆண்கள். பாதிப் பேருக்கு ரெசர்பின் உட்பட மூன்று மருந்துகள், மீதிப் பேருக்கு ஒன்றுமில்லாத மாத்திரை. மருந்தில்லாத பக்கம் 27 பேருக்குக் கடுமையான பாதிப்பு, மருந்துப் பக்கம் 2 பேருக்கு. பிபியைக் குறைத்தால் உயிர் பிழைக்கிறது என்பதை முதன்முதலில் உறுதியாகக் காட்டிய ஆய்வில் நம் சர்ப்பகந்தியின் பொருளும் இருந்தது. இது நம் ஊரில் பலருக்குத் தெரியாது.

1974-இல் இதனால் மார்பகப் புற்றுநோய் வரும் என்று மூன்று ஆய்வுகள் ஒரே நேரத்தில் சொல்லிப் பீதியைக் கிளப்பின. பிறகு பார்த்தால், ஒப்பீட்டுக் குழுவிலிருந்து இதய நோயாளிகளை விலக்கியிருந்தார்கள். ரெசர்பின் சாப்பிடுகிறவர்களே அவர்கள்தானே, அவர்களை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் ரெசர்பின் குறைவாகத்தான் தெரியும். தொடர்பு பொய் என்று ஆயிற்று, ஆனால் மருந்தின் பெயர் அதற்குள் கெட்டுவிட்டது.

2016-இல், மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் குழு, ரெசர்பினை மட்டும் தனியாகக் கொடுத்துச் செய்த நான்கு குலுக்கல் ஆய்வுகளை, மொத்தம் 237 பேர், சேர்த்துப் பார்த்தது. மேல் அளவு போலி மாத்திரையைவிடச் சுமார் 8 மி.மீ. (பாதரசக் கணக்கில்) அதிகம் இறங்கியது. இன்றைய மாத்திரைகளோடு நிற்கும் அளவுதான்.

எங்கள் அம்மா ஒரு மாதம் முருங்கைக்கீரை சூப் குடித்தார். 152 இருந்தது 138 ஆகிவிட்டது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அம்மாவுக்குக் குறைந்தது உண்மை. சூப்பால் குறைந்ததா என்பதுதான் கேள்வி.

முதலில், பிபி ஒரே இடத்தில் நிற்காது. படி ஏறி வந்து உட்கார்ந்தவுடன் ஒன்று, காபி குடித்த பிறகு ஒன்று, டாக்டரைக் கண்டவுடன் ஒன்று. யாரும் பிபி நன்றாக இருக்கும் நாளில் சூப்பைத் தொடங்குவதில்லை. அது உச்சத்தில் இருந்த நாளில் பயந்துபோய்த் தொடங்குகிறோம். உச்சத்தில் பிடித்த அளவு, ஒன்றுமே செய்யாவிட்டாலும் அடுத்த முறை கொஞ்சம் கீழேதான் வரும். இதோடு அந்த மாதம் ஊறுகாயைக் குறைத்திருப்பார், சாயங்காலம் நடந்திருப்பார், மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டிருப்பார்.

இதன் அளவு எவ்வளவு என்று தெரியவேண்டுமானால் 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு ஆய்வைப் பாருங்கள். மூலிகை ஆய்வு இல்லை, சிறுநீரக ரத்தக் குழாயைச் சுற்றியுள்ள நரம்பைச் சுட்டு பிபியைக் குறைக்கும் சிகிச்சை. ஒரு குழுவுக்கு உண்மையாகவே சுட்டார்கள். இன்னொரு குழுவுக்கு மேசையில் படுக்கவைத்து, குழாய் செலுத்தி, சுடாமல் அனுப்பிவிட்டார்கள். ஆறு மாதம் கழித்துச் சுட்டவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 14 மி.மீ. குறைந்தது. சுடாதவர்களுக்கு ஏறக்குறைய 12. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் அந்த 14-ஐ மட்டும் பேப்பரில் போட்டிருந்தால் எல்லாரும் நம்பியிருப்போம். முன்பு நடந்த சிறிய ஆய்வுகளை நம்பவும் செய்தார்கள்.

அம்மாவின் 14-உம் அதே 14-ஆக இருக்கலாம். சூப் நல்லதுதான், குடிக்கட்டும்.

எலிக்கு எப்படி பிபி பார்ப்பார்கள்?

வாலில். எலியை அதன் உடம்பு அளவுக்கே உள்ள ஒரு கண்ணாடிக் குழலுக்குள் விட்டு, வாலை மட்டும் வெளியே நீட்டவைப்பார்கள். வாலின் அடியில் மோதிரம் போல ஒரு சின்னக் காற்றுப்பட்டை, அதற்குப் பின்னால் நாடியை உணரும் கருவி. வால் சில்லென்று இருந்தால் ரத்த ஓட்டம் பிடிபடாது, அதனால் முதலில் சூடு காட்டவேண்டும். எலி பயந்து நெளிந்தால் பிபி ஏறிவிடும், அந்த அளவு செல்லாது. ஆகவே மருந்து தொடங்குவதற்கு முன்பே பல நாள் சும்மா குழலுக்குள் விட்டுப் பழக்குகிறார்கள். பழக்காமல் தொடங்கிய ஆய்வில் என்ன நடக்கும் தெரியுமா? முதல் வாரம் பயத்தில் அதிகம், நான்காம் வாரம் பழகிக் குறைவு. மருந்து வேலை செய்ததாக வரைபடம் அழகாக வந்துவிடும். கட்டுரையில் நான் முதலில் தேடுவது இந்தப் பழக்கிய விவரத்தைத்தான்.

எந்த எலி என்பதும் முக்கியம். பிபி தானாகவே ஏறும் எலி வம்சத்தை ஜப்பானில் கியோட்டோவில் ஒகமோட்டோ, ஆவோகி இருவரும் 1963-இல் உருவாக்கினார்கள். இன்னொரு வழி, ரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடின் சுரப்பைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்து பிபியை ஏற்றுவது. இதில் ஆன்டி ஆக்சிடன்ட் சத்துள்ள பல செடிகள் நன்றாக வேலை செய்வதுபோலத் தெரியும், அதனால் இந்த ஒன்றை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது.

உயிருள்ள எலியிடம் சோதிப்பதற்கு முன்போ பின்போ, எலியின் பெருந்தமனியில் இரண்டு மூன்று மி.மீ. அகல வளையங்களை வெட்டி, 37 டிகிரி உப்புக் கரைசலில் இரண்டு கொக்கிகளுக்கு இடையில் தொங்கவிடுவார்கள். ஒரு மருந்தால் சுருங்கவைத்துவிட்டுச் செடியின் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். வளையம் தளர்ந்தால் திரையில் கோடு இறங்கும். அடுத்து உள்பக்கத்து மெல்லிய படலத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு மறுபடி செய்வார்கள். இப்போது தளரவில்லை என்றால், அந்தச் சாறு படலத்தின் வழியாக வேலை செய்கிறது என்று புரியும். இந்த ஒரு கோணத்தில் செடி பேசுவது நேரில் தெரியும், பார்க்க அலுக்காது.

'மூலிகைச் சாறு ஏசிஇ நொதியை 80 சதவீதம் தடுக்கிறது' என்கிறார்களே?

ஏசிஇ என்பது பிபியை ஏற்றும் பொருளை உடம்பில் உண்டாக்கும் நொதி. தடுப்பது சோதனைக் குழாயில். துவர்ப்புள்ள எந்தச் சாறும் கண்ணில் பட்ட புரதத்தையெல்லாம் பிடித்து முடக்கும், நொதியும் புரதம்தான். குடித்தால் அது ரத்தத்துக்குள் போகிறதா என்பதே தெரியாது. இதை வைத்துத் தலைப்புப் போட வேண்டாம்.

எலிக்குக் கொடுத்த அளவை நாம் எப்படிக் கணக்கிடுவது?

எலியின் அளவை அப்படியே கிலோவுக்குக் கிலோ மாற்றக் கூடாது. உடல் பரப்பை வைத்துச் சுமார் ஆறால் வகுக்கவேண்டும். கட்டுரைகளில் கிலோவுக்கு 500 மி.கி. சாறு என்று சர்வசாதாரணமாக வரும். ஆறால் வகுத்தால் கிட்டத்தட்ட 80 மி.கி. 60 கிலோ மனிதருக்கு நாளைக்கு 4.8 கிராம் கெட்டிச் சாறு. காய்ந்த இலையில் பத்தில் ஒரு பங்குதான் சாறாக வரும் என்று வைத்துக்கொண்டால், தினம் 48 கிராம் காய்ந்த இலை. யார் சாப்பிடுவது? தலைப்பில் 'பிபியைக் குறைக்கிறது' என்றிருக்கும் பல எலி ஆய்வுகள் இந்தக் கணக்கிலேயே நின்றுவிடும்.

நரம்பு வழியாக ஏற்றிப் பார்த்த ஆய்வுகள் இன்னும் மோசம். சுத்தம் செய்யாத சாற்றை ரத்தத்தில் ஏற்றினால் அதிலுள்ள பொட்டாசியமோ, உடம்பு கக்கும் ஹிஸ்டமினோ பிபியைத் தடாலென்று கீழே தள்ளும். அது மருந்துக் குணம் ஆகாது.

மனிதர்களிடம் செய்யும் நல்ல சோதனையை எப்படி அடையாளம் காண்பது?

குலுக்கல் போட்டுப் பிரித்திருக்கவேண்டும். சாப்பிடுகிறவருக்கும் அளக்கிறவருக்கும் யார் எந்தப் பக்கம் என்று தெரியக்கூடாது. மூலிகையில் இது லேசுப்பட்ட வேலை இல்லை, கசப்பும் வாசனையும் காட்டிக்கொடுத்துவிடும். கேப்சூலில் அடைத்தால் ஏப்பத்தில் தெரிந்துவிடும். பூண்டு ஆய்வுகளில் இது தீராத தலைவலி.

எத்தனை பேர் என்று பாருங்கள். 5 மி.மீ. வித்தியாசத்தை நம்பகமாகப் பிடிக்க ஒரு குழுவுக்கு 60 முதல் 90 பேர் வேண்டியிருக்கும். குழுவுக்குப் பதினைந்து பேர் வைத்துச் செய்த ஆய்வு, அடுத்த ஆய்வுக்கு ஒரு யோசனை, அவ்வளவுதான். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, முதுகு சாய்ந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, இரண்டு தடவை அளந்தார்களா? 24 மணி நேரக் கருவியை மாட்டி அளந்திருந்தால் இன்னும் நல்லது, அதில் போலி மாத்திரையின் மாயம் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும்.

இந்தியாவில் மருத்துவ ஆய்வுகளை முன்கூட்டியே பதிவுசெய்யும் தளம் 2007-இல் தொடங்கியது, 2009 ஜூன் முதல் கட்டாயம். தொடங்கும்போது 'மேல் அளவைப் பார்ப்போம்' என்று பதிந்துவிட்டு, முடிவில் 'நோயாளிகள் புத்துணர்ச்சி பெற்றார்கள்' என்று எழுதியிருந்தால், மேல் அளவு இறங்கவில்லை என்று அர்த்தம்.

செம்பருத்தி டீ குடித்தால் பிபி குறையும் என்பது நிஜமா?

அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் 2010-இல் வெளியிட்ட ஆய்வில் 65 பேர் ஆறு வாரம் தினம் மூன்று கப் குடித்தார்கள், அல்லது அதே நிறத்தில் போலிப் பானம் குடித்தார்கள். டீ குடித்தவர்களுக்கு மேல் அளவு 7.2 மி.மீ. குறைந்தது, போலிப் பானத்தில் 1.3. நல்ல ஆய்வு. ஆனால் அது நம் வீட்டு வாசலில் பூக்கும் செம்பருத்தி இல்லை. புளிச்சக்கீரை இனத்துச் செடி ஒன்றின் சிவந்த, புளிக்கும் புல்லிவட்டம். வேறு செடி. வாசல் பூவைக் கொதிக்கவைத்துக் குடித்துவிட்டு அந்த ஆய்வைக் காட்டமுடியாது.

சர்ப்பகந்தியிலும் இதே வம்பு உண்டு. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து நம் ஊர் வேலியோரங்களில் களையாக நிற்கும் ராவுல்ஃபியா டெட்ராஃபில்லாவின் வேர் சந்தையில் கலப்படமாக வரும். அதிலும் ஆல்கலாய்டுகள் உண்டு, ஆனால் விகிதம் வேறு. அதனால்தான் ஒழுங்கான ஆய்வுக்கூடம் செடியின் கிளையை உலர்த்தி ஒட்டி, தாவரவியலாளரிடம் அடையாளம் காட்டி, எண் போட்டுப் பாதுகாக்கிறது. அந்த எண் இல்லாத கட்டுரையில் எந்தச் செடி சோதிக்கப்பட்டது என்பதே நிச்சயமில்லை.

இயற்கைப் பொருள் பிபியை ஏற்றாது, கெடுக்காது என்கிறார்களே?

அதிமதுரம் ஏற்றும். இருமலுக்கு ஓரிரு நாள் மென்றால் ஒன்றுமில்லை. தினமும் வாரக்கணக்கில் சாப்பிட்டால் அதிலுள்ள கிளைசிரைசின் உடம்பில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, பிபியை ஏற்றிவிடும். பிபி உள்ளவர் தொண்டைக்கு இதமாக இருக்கிறதென்று தினமும் அதிமதுரப் பால் குடித்துவிட்டு மாத்திரை வேலை செய்யவில்லை என்று சொன்னால், மாத்திரையின் மேல் தப்பில்லை.

'மூன்றே மாதத்தில் பிபி முழு குணம், மாத்திரை தேவையில்லை' என்ற விளம்பரம்?

1954-ஆம் வருட மருந்து, மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் ரத்த அழுத்தமும் இருக்கிறது. அதைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

சரி, நான் சர்ப்பகந்தி வேர்ப்பொடி வாங்கிச் சாப்பிடலாமா?

நீங்களாக வேண்டாம். ரெசர்பின் மாத்திரையின் அளவு கால் மில்லிகிராமும் அதற்குக் கீழும்தான். வேரில் ஆல்கலாய்டு அளவு நிலத்துக்கு நிலம், வயதுக்கு வயது மாறும், ஸ்பூனில் அளந்து கால் மில்லிகிராமைப் பிடிக்கமுடியாது. முன்பு மனச்சோர்வு வந்தவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் கிட்டவே போகக்கூடாது. ஏற்கெனவே பிபி மாத்திரை போடுகிறவருக்கு இரண்டும் சேர்ந்து நாடி ரொம்பவும் இறங்கிவிடலாம். பதிவுபெற்ற சித்த அல்லது ஆயுர்வேத டாக்டர் எழுதிக்கொடுத்தால், நீங்கள் போடும் ஆங்கில மருந்தின் சீட்டையும் அவரிடம் காட்டுங்கள். அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். சில மாத்திரைகளை நிறுத்தினால் பிபி முன்பிருந்ததற்கும் மேலே எகிறும்.

காட்டில் பிடுங்கிய வேரை வாங்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். 1990 முதல் இந்தச் செடி, அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் சர்வதேச வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. வேரை எடுத்தால் செடியே போய்விடும், அதுவும் வேர் முற்ற ஒன்றரை வருடமாவது ஆகும். பயிரிட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வாங்கலாம்.